புளி போட்டு மினுக்கிய பதக்கம்

சரஸ்வதி பூசைக்கு முதல் நாள் வேலை முடிந்து, சுவிட்சர்லாந்தின் ஆராவ் நகரில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தேன். சாமித்தட்டில் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் என்னுடைய வெள்ளிப் பதக்கம் கண்ணாடி போல மினுங்கியது. கிட்டப் போய்ப் பார்த்தேன்.

இங்குள்ள துப்பாக்கி சுடும் கழகங்கள் தங்கள் விழாக்களுக்கு வெளியிடும் பதக்கங்களைச் சேர்ப்பவன் நான். ஐந்து பிராங் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரியவை. எந்தக் கடையிலும் செல்லாதவை. வெள்ளி கறுத்தாலும் தேய்க்கக் கூடாது, ஓரத்தில்தான் பிடிக்க வேண்டும். என் அண்ணை ஒருநாள் கொத்துரொட்டி சாப்பிட்ட கையோடு இந்தப் பதக்கத்தை நடுவில் அழுத்திப் பிடித்துவிட்டார். அவரோடு பெரிய சண்டை பிடித்தேன். வருடங்கள் போகப் போக அவருடைய பெருவிரல் ரேகை வெள்ளியில் கறுத்துப் பதிந்தது. அவர் இறந்த பிறகு அந்த ரேகையைப் பார்க்கவே பெட்டியைத் திறப்பேன். மனைவிக்கு இதை நான் சொன்னதே இல்லை.

“விளக்கோடை சேர்த்து இதையும் புளி போட்டு மினுக்கினனான். கறுத்துப்போய்க் கிடந்தது” என்றாள்.

“நடுவிலை ஒரு அடையாளம் இருந்ததோ?”

“ஓம். அதுதான் லேசிலை போகேல்லை. கன நேரம் தேய்ச்சனான்.”

கதிரையில் இருந்தபடி அது அண்ணையின் கைரேகை என்று சொன்னேன். அவள் அழுதபடி பதக்கத்தை எடுத்து, ஓரத்தில் மட்டும் பிடித்து என்னிடம் நீட்டினாள்.

“ஓரத்திலை வேண்டாம். நடுவிலை நல்லா அழுத்திப் பிடியும்” என்றேன்.

அண்ணையோடு சண்டை பிடித்த அதே வாயால்தான் இதைச் சொன்னேன்.