முழு ரெக்கார்டையும் கொடுத்தவள்

நம்பி ஒருவன் கையில் கொடுத்த பொருள் உருமாறித் திரும்பி வந்தால், குற்றம் மாற்றியவன்மீதா, பார்க்காமல் அப்படியே உள்ளே எடுத்து வைத்தவள்மீதா? இஸ்மத் என்னிடம் இப்படித்தான் கேட்டாள்.

கணபதி பகுதியில் ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடியில் இருக்கும் சின்ன சாஃப்ட்வேர் ஆபீஸில் இஸ்மத்துக்கு வேலை. மிதுனும் அவளும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். கீழே மெஷின் ஓடினால் இவர்கள் மேஜையும் சேர்ந்து அதிரும். அவன் அரிசியும் பருப்பும் சாதம் கொண்டுவந்தால் பாதி அவளுக்கு. அவள் கறிக்குழம்பு கொண்டுவந்தால் முக்கால்வாசி அவனுக்கு.

காரமடையில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு பைத்தான் என்ற நிரல்மொழியில் முன்பதிவு வெப்சைட் செய்யும் வேலை வந்தது. "இது நல்லபடியா ஓடுச்சுன்னா அந்த மண்டபத்து வேலை பூரா உம் பொறுப்பு கண்ணு. வேலையும் நிரந்தரம்," என்றார் முதலாளி புவனா. இஸ்மத் அன்றே அத்தாவிடம், அதாவது அப்பாவிடம், சொல்லிவிட்டாள். அத்தா ஷேக் பரீத் தெருவுக்கே சொல்லிவிட்டார்.

டேட்டாபேஸிலிருந்து ஒவ்வொரு முன்பதிவு ரெக்கார்டாக எடுத்து, பார்த்தாயிற்று என்று குறித்து, திரும்பச் சேமிப்பது இஸ்மத் எழுதிய ஃபங்ஷன் என்ற நிரல் துண்டு. நடுவில் அதை மிதுனின் ஃபங்ஷனுக்கு அனுப்ப வேண்டும். வாடிக்கையாளர் போன் நம்பர் எல்லோர் கண்ணிலும் படாதபடி, கடைசி நாலு எண் தவிர மற்றதை நட்சத்திரக் குறியாக்கித் திரையில் காட்டுவது அவன் வேலை.

"நம்பரை மட்டும் அனுப்பட்டுமா?" என்று கேட்டாள்.

"முழு ரெக்கார்டையும் குடு. நா என்ன தின்னா போடுவேன்? பாத்துட்டு அப்படியே உட்டுருவேன்."

அவன் எழுதியதை ஒருமுறை திறந்து பார்க்கும்படி புவனா சொல்லியிருந்தார். இஸ்மத் பார்க்கவில்லை. கூடவே உட்கார்ந்து சாப்பிடுகிறவனைச் சோதித்தால் அவனை நம்பவில்லை என்றாகிவிடும், அது மரியாதை இல்லை என்று நினைத்தாள். அவனும் அவளுடையதை எட்டிப் பார்த்ததில்லை. அந்த ஆபீஸில் அப்படித்தான் பழக்கம்.

மண்டபத்தின் பழைய முன்பதிவுகளை ஏற்றி வெப்சைட் ஓடத் தொடங்கியது. மறுநாள் காலை மண்டபத்து மேனேஜர் பாலுசாமி போன் செய்தார்.

"ஏனுங்க அம்மணி, ஒரு நம்பர் கூட முழுசா இல்லீங்களே. எல்லாம் நட்சத்திரமா மின்னுது. நாங்க வானத்துக்குங்களா போன் பண்றது?"

இஸ்மத் போனை வைத்தாள். அப்போதுதான் மிதுன் எழுதியதைத் திறந்தாள். காட்டுவதற்கென்று தனியாக ஒரு நகல் எடுக்காமல், அவள் கொடுத்த ரெக்கார்டிலேயே நம்பரை அழித்து நட்சத்திரம் போட்டிருந்தான். பைத்தானில் இப்படி அனுப்பினால் நகல் போகாது. அதே ரெக்கார்டுதான் போகும். அங்கே மாற்றியது இங்கேயும் மாறியிருந்தது. அவளுடைய ஃபங்ஷன் அதை அப்படியே டேட்டாபேஸில் எழுதிவிட்டது.

புவனா வந்து நின்றார். "சேவ் பண்ணுனது யாரோடது?"

"என்னோடதுதானுங்க அக்கா." சொல்லிவிட்டு மிதுனைப் பார்த்தாள். அவன் வாய் திறப்பான் என்று காத்திருந்தாள். திறந்தான்.

"நா காட்டற வேலை மட்டுந்தானுங்க அக்கா செஞ்சேன். மத்ததெல்லாம் இஸ்மத்து."

"இல்லீங்க அக்கா, நம்பரை மாத்துனதே..."

"உன்னையப் பாக்கச் சொன்னனா இல்லியா கண்ணு?" என்றார் புவனா.

வெப்சைட்டை ஓட விடும்முன் எடுத்து வைத்த நகலிலிருந்து நம்பர்கள் திரும்பி வந்தன. மண்டபத்து வேலை அவளுக்குத் திரும்பி வரவில்லை. அது மிதுனுக்குப் போனது.

மதியம் அவன் டிபனைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினான். "கோவமா இஸ்மத்து?"

"நீதா மாத்துனேன்னு அக்காகிட்டச் சொல்லு. அப்பறம் சாப்பிடறேன்."

"சொன்னா என்னையத் தொரத்திப்போடுவாங்க."

"அது தெரிஞ்சுதான என்னையத் தள்ளி உட்ட?"

அவன் டிபனை மூடினான்.

வீட்டில் அத்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் திட்டவில்லை. "நம்ம ஊட்டுல நோன்புக் கஞ்சி குடிச்ச பையனா?" என்று மட்டும் கேட்டார். அதற்குத்தான் அவள் அழுதாள்.

இப்போதும் இருவருக்கும் அதே அறைதான். போன வாரம் வேறொரு வேலைக்கு மிதுன் முழு ரெக்கார்டு கேட்டான்.

"என்ன வேணும்னு சொல்லு. அதை மட்டும் தர்றேன்," என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து நிரல் எழுதும் நண்பர்கள் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், இந்தக் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள். ஒருவரிடம் மட்டும் சொல்ல வேண்டாம். இருவரும் சேர்ந்து இருக்கும்போது சொல்லுங்கள்.