பெஞ்சில் கிடக்கும் புத்தகம்

கண்ணை மூடாமல் முடி வெட்டிக்கொள்ளும் ஆள் என் சலூனில் அவர் ஒருவர்தான். குனியச் சொன்னால் தலை குனியும், விழி மட்டும் கண்ணாடியை விட்டு நகராது. கண்ணாடியில் அவர் பார்ப்பது தன் முகத்தை அல்ல, பின்னால் இருக்கும் பெஞ்சை. அங்கே பழைய வாரப் பத்திரிகைகளுக்கு நடுவில், அவர் போடப்போகும் புத்தகத்தின் புரூஃப் கட்டு கிடக்கும். எழுதியவர் பெயர் உள்ள தாளை உருவிவிட்டு அதை அங்கே வைப்பது அவர்தான். வைத்துவிட்டு வந்து நாற்காலியில் ஏறுவார்.

இரண்டு தெரு தள்ளிப் பதிப்பகம் வைத்திருக்கிறார். பதிப்பகம் என்றால் ஒரு அறை, ஒரு மேசை, விற்காத புத்தகங்களை அடுக்கி மேலே பலகை போட்ட இன்னொரு மேசை. யார் படிப்பார்கள் என்று தெரியாமல் எதையும் அச்சுக்கு அனுப்பமாட்டார். அதைத் தெரிந்துகொள்ள அவருக்குக் கிடைத்த வழி என் பெஞ்ச். முறைக்குக் காத்திருப்பவன் எதையாவது எடுத்துப் புரட்டுவான், எந்தப் பக்கத்தில் கீழே வைக்கிறான் என்று பார்க்கலாம். வெட்ட முடி இல்லாத நாளில் சவரம். அதுவும் நேற்றே ஆகிவிட்டதென்றால், "சும்மா கத்தரியை ஆட்டிக்கிட்டு நில்லுங்கண்ணே" என்பார். ஆட்டுவேன். கை வலிக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது பெஞ்சில் கிடப்பது செயற்கை நுண்ணறிவு பற்றிய புத்தகம். எழுதியவர் அவர் மைத்துனர், கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிறார். யாருக்கான புத்தகம் என்று கேட்டதற்கு, "எல்லாருக்கும்தான் மாமா" என்று கடைக்கே வந்து சொன்னார்.

"எல்லாரும்னா யாரு? அட்ரஸ் குடு, நேர்லயே போய்க் குடுத்துட்டு வரேன்."

மாணவன் ஒருவன் எடுத்தான். படம் இருக்கிறதா என்று கடைசிவரை தள்ளிப் பார்த்துவிட்டு வைத்தான். வங்கி அதிகாரி ஒருவர் முன்னுரையைப் படித்து, "தெரிஞ்ச விஷயம்தான்" என்று அந்தத் தாள்கட்டை முதுகுக்கு அண்டக் கொடுத்துச் சாய்ந்துகொண்டார். ஓய்வு பெற்ற ஆசிரியர் பேனா கேட்டு வாங்கி, பிழைகளைச் சுழித்துவிட்டுப் போனார்.

நீங்கள் படிப்பீர்களா என்று பதிப்பாளர் என்னிடமும் கேட்டார்.

"இந்த ஏஐ முடி வெட்டுமா சார்?"

"இப்போதைக்கு வெட்டாது."

"அப்ப எனக்கெதுக்கு?"

அவர் சிரிக்கவில்லை. "பயம் இருக்கறவங்களுக்குத்தாண்ணே இந்தப் புத்தகம்" என்றார். "அப்படி ஒரு ஆள் எங்க வீட்லயே இருக்கு. அவகிட்டதான் நீட்ட முடியல."

அவர் மனைவி ஒரு வக்கீல் அலுவலகத்தில் ஆவணங்களை மொழிபெயர்ப்பவர். இப்போது மெஷினே மொழிபெயர்க்கிறதாம். இந்த அம்மா அதைத் திருத்தினால் போதும், அரை நாள் வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். மிச்ச அரை நாளும் போய்விடும் என்று பேச்சு. வீட்டில் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. தம்பியின் புத்தகம் மேசையில் இருந்தால் எழுந்து போய்விடுகிறார்.

புத்தகத்தைப் போடுவதா வேண்டாமா என்று திங்கட்கிழமை அச்சகத்துக்குச் சொல்லியாக வேண்டும். சனிக்கிழமை, வீட்டுச் சாவி வாங்க அந்த அம்மா கடைக்கு வந்தார். இவர் முகத்தில் ஒரு பக்கம் நுரை.

"சாவி எங்க?"

"அஞ்சு நிமிஷம் உக்காரு."

சாவி சட்டைப் பையில்தான் இருந்தது. போர்த்திய துணிக்குள்ளிருந்து கையை அவர் எடுக்கவில்லை.

அந்த அம்மா உட்கார்ந்தார், கைக்கு வந்ததை எடுத்தார். இரண்டு பக்கம் போனதும், "இது நம்ம வீட்டுப் பயல் எழுதினதுதானே?" என்றார். இவர் கண்ணாடியில் பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கத்தியைத் தீட்டினேன். தூக்கி எறிவார் என்று நினைத்தேன். எறியவில்லை. இவர் கன்னத்தில் நுரை காய ஆரம்பித்தது.

"என் வேலையைப் பத்தி ரொம்பத் தள்ளித்தான் வருது" என்றார் நிமிராமலே. "அதை முன்னால போடச் சொல்லுங்க. பயந்துபோய்க் கெடக்கறவ இவன் முன்னுரையெல்லாம் தாண்டி வரமாட்டா."

"சரி."

"மெஷின் செஞ்சதைத் திருத்தறது சுலபம்னு வேற எழுதியிருக்கான். ஒரு நாள் என் சீட்ல வந்து உக்காந்து பார்க்கச் சொல்லுங்க அவனை."

"சொல்றேன்."

அடுத்த பக்கம். மின்விசிறிக் காற்றில் தைக்காத தாள்கள் படபடத்தன. ஒரு கையால் அமுக்கிக்கொண்டு மறு கையால் புரட்டினார். பதிப்பாளர் போர்த்திய துணியோடு, பாதி முகத்து நுரையோடு எழுந்தார். பெஞ்சில் மற்றவர்கள் வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் போய் மின்விசிறியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.