கிணற்றின் நடுவே ஒரு சுவர்

கோயமுத்தூரில் நாங்கள் இருந்த தொட்டிக்கட்டு வீட்டைக் கட்டியவர் அப்பாவின் அப்பா; எங்களுக்கு அப்பாரு. நடுவே வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தேக்குத் தூண்கள், மேலே மங்களூர் ஓடு. பார்த்துப் பார்த்துக் கட்டினார். அவர் கண்ணை மூடியதும் பெரியப்பாவும் அப்பாவும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். முற்றத்தின் குறுக்கே சுவர் எழுந்தது. பின்கட்டுக் கிணற்றையாவது விட்டார்களா? அதன் வாயில் கல் உத்தரம் போட்டு, அதன்மேலும் சுவர் வைத்தார்கள். ஆளுக்கொரு ராட்டினம். அண்ணன் தம்பிக்குள் பேச்சு அடியோடு நின்றுபோனது.

ஆனால் உத்தரத்துக்குக் கீழே கிணறு ஒன்றாகத்தான் இருந்தது. பெரியப்பா மகளுக்கும் எனக்கும் அது போதும். நான் வாளியை இறக்கினால் அக்காவும் இறக்குவாள். தண்ணீரில் இரண்டும் முட்டிக்கொள்ளும். குனிந்தால் நேரில் தெரியாத அவள் முகம் தண்ணீருக்குள் தெரியும். சிரித்தால் பல்வரிசைகூடத் தெரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் எங்கள் வீட்டுக்குச் சிறுவாணி ஆற்றுத் தண்ணீர்க் குழாய் வந்தது. அன்றே எங்கள் பாதிக் கிணற்றைப் பலகை போட்டு மூடச் சொன்னார் அப்பா.

"துணி தொவைக்கவாச்சும் இருக்கட்டுங்கப்பா" என்று கெஞ்சினேன்.

"அந்த உப்புத்தண்ணி இனி எதுக்கு?"

அண்ணன் வீட்டு ராட்டினச் சத்தமே அவருக்கு ஆகாது. பலகை விழுந்தது. அக்காவின் முகமும் போனது. அந்தப் பக்கம் ராட்டினம் கிறீச்சிடும்போதெல்லாம் வேலையைப் போட்டுவிட்டு ஓடுவேன். கேட்டு என்ன பயன்? ஏங்கியதுதான் மிச்சம்.

ஒரு காலையில் அப்பா குழாயடியில் அண்டாவை நகர்த்திக்கொண்டிருந்தார். குடம் விளக்கும் சாக்கில் நான் பலகைமேல் குனிந்தேன். இடுக்கு வழியே அக்காவின் குரல் வந்தது.

"அம்மணி, இருக்கறயா? நாளைக்கு எனக்குக் கண்ணாலம். பல்லடத்துல குடுக்கறாங்க. ஒருக்கா பேசு கண்ணு."

ஒரே கூரையின் கீழ் கல்யாணம். எங்களுக்குச் சொல்லவே இல்லை. "இருக்கறனுங்க அக்கா" என்று இடுக்கில் வாய் வைத்துச் சொல்லும்போதே அப்பா குழாயைத் திறந்தார். அண்டாவில் தண்ணீர் விழுந்த இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவரை வைத்துக்கொண்டு உரக்கச் சொல்லவும் வழியில்லை. அண்டா நிறைந்து குழாயை மூடியபோது, அந்தப் பக்கத்து வாளி மேலேறும் ராட்டினச் சத்தம்தான் கேட்டது.

சிறுவாணி தேனாக இனிக்கிறது என்று ஊரே சொல்கிறது. இருக்கட்டும். எனக்கு அந்த உப்புத்தண்ணீரில் அவள் முகம் இன்னொரு தடவை தெரிய வேண்டும்.