பூசணியின் முதல் வெட்டு

கப்பலூர்த் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தொரு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் நான். எண்ணுவது அங்கே ஒட்டிக்கொண்டது. எங்கள் குடியிருப்பில் தரையிலிருந்து என் வீட்டு வாசல் வரை முப்பத்தெட்டுப் படிகள். என் மகள் பிரசவத்துக்கு வந்தபோது எண்ணுவதற்கு ஒரு புது வேலை கிடைத்தது. ராத்திரிச் சாப்பாட்டை ஏழு மணிக்கே முடித்துவிட்டு இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து, வயிற்றில் குழந்தை உதைப்பதை எண்ண வேண்டும், இரண்டு மணி நேரத்துக்குள் பத்து வர வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். மகள் சொல்லச் சொல்ல, ஒரு நோட்டில் நேரத்தோடு நான் குறித்து வந்தேன். ஏழு மாதம் முடிந்திருந்தது. இதற்கு முன் ஒன்று ஆறாம் மாதத்தில் தங்காமல் போயிருந்தது. அதனால் அந்த நோட்டை நான் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டு தூங்கினேன்.

மூத்தவள், என் பேத்தி, ஆறு வயது. பெங்களூரில் அவர்கள் குடியிருப்பில் அக்டோபர் கடைசியில் பிள்ளைகள் எல்லாம் பேய் வேஷம் போடுவார்களாம். பூசணிக்காயைக் குடைந்து முகம் செய்து, உள்ளே மெழுகுவத்தி வைப்பார்களாம். "இங்கேயும் வேணும் தாத்தா" என்று மூன்று நாள் அழுதாள். நான்காம் நாள் மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குப் போனேன்.

"முழுக்காயா? கல்யாண வீடாய்யா?" என்றார் கடைக்காரர்.

"இல்லப்பா. பேத்திக்குப் பேய் முகம் செய்யணும்."

"பேய்க்கு வெள்ளப் பூசணில்ல வாங்கணும்! மஞ்சப் பூசணியில சாம்பாருதான் வைப்பாக." சிரித்துக்கொண்டே காயைத் தூக்கிக் கொடுத்தவர், பிறகு சிரிக்காமல் சொன்னார். "வீட்டுல மாசமா யாரும் இருந்தா அவுகள அறுக்க விட்றாதீக. முத வெட்டு ஆம்பள போடணும்."

நான் படித்தவன். இதையெல்லாம் நம்புவதில்லை. ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் நானே அறுப்பதாகச் சொன்னேன். காயில் பதினேழு வரிகள். மூடி எங்கே வர வேண்டும் என்று நூல் பிடித்து, பேனாவால் வட்டம் போட்டேன். மெழுகுவத்தி இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. தெருமுனைக் கடைக்குப் போய் வர பன்னிரண்டு நிமிடம் ஆனது.

திரும்பி வந்தபோது மூடி தனியாகக் கிடந்தது. மகள் கையில் கத்தி இருந்தது.

"எதுக்குத்தா நீ வெட்டுன?"

"நீங்க நூலு பிடிச்சு அளந்து முடிக்கிறதுக்குள்ள இவளுக்குக் கல்யாண வயசு வந்துரும்ப்பா" என்றாள்.

காரணம் சொன்னால் அவள் மனதிலும் அது ஏறிவிடும். கரண்டியால் உள்ளே சுரண்டினேன். நார் நாராக, வழவழவென்று வந்தது. விதைகளை முறத்தில் போட்டு எண்ணினேன்: இருநூற்று எண்பத்தாறு. எனக்குத் தெரிந்த முகம் புது வீட்டில் திருஷ்டிக்குத் தொங்கவிடும் அசுர முகம்தான். அதையே வெட்டினேன். எட்டுப் பல்.

இருட்டத் தொடங்கியபோது மழை பிடித்துக்கொண்டது. பால்கனியில் மெழுகுவத்தி அணைந்துவிடும் என்று பேத்தி காயை ஹாலுக்குள் வைத்தாள். முகம் சோபாவைப் பார்த்து இருந்தது. அவள் என் பழைய வேட்டியில் இரண்டு ஓட்டை போட்டுப் போர்த்திக்கொண்டு, திரைச்சீலைக்குப் பக்கத்தில் அசையாமல் நின்றாள். பேய் பேசாதாம். சாப்பிட்ட பிறகு மகள் சோபாவில் ஒருக்களித்துப் படுத்தாள். நான் நோட்டைத் திறந்தேன்.

வழக்கமாக இருபத்தைந்து நிமிடத்தில் பத்து வந்துவிடும். அன்று அரை மணியில் ஒன்றும் வரவில்லை. ஒரு மணி நேரத்தில் ஒன்று. அதுவும் சந்தேகம் என்றாள். மெழுகுவத்திச் சூட்டில் பூசணி வெந்து, வீடு முழுக்கத் தித்திப்பாக ஒரு வாடை. சுவரில் பற்களின் நிழலை எண்ணினேன். ஏழுதான் இருந்தது. மறுபடி எண்ணினேன். ஏழு.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டோம். "உடனே கிளம்பி வாங்க" என்றார். ஆட்டோவுக்குச் சொன்னேன். மழை, பத்து நிமிடம் ஆகும் என்றார்கள்.

அந்தப் பத்து நிமிடத்தில் நான் செய்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பூசணியைத் தூக்கிக்கொண்டு சோபாவைச் சுற்றி நடந்தேன்.

"என்னப்பா, என்னையே சுத்துறீங்க?"

"புகையா வருது. எங்க வைக்கலாம்னு பாக்குறேன்" என்றேன். மூன்று சுற்று.

பிறகு கீழே இறங்கினேன். நடுத்தெருவில் உடைத்தால் பைக் வழுக்கும். முச்சந்தியில் குப்பைத்தொட்டி ஓரமாகப் போட்டு உடைத்தேன். ஒன்பது துண்டு. மெழுகுவத்தி அணையவில்லை. அந்த மழையில், ஒரு கண் மட்டும் இருந்த துண்டுக்குள் எரிந்துகொண்டே இருந்தது. உடைத்தவன் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பார்கள். பார்க்காமல் நடந்தேன். படியேறும்போது பின்னால் ஈரக்கால் சத்தம் கேட்டது. நான் நின்றால் அதுவும் நின்றது. இருபத்தோராம் படியில் கேட்டது, இருபத்திரண்டில் இல்லை.

பேத்திதான் பின்னால் வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே கதவைத் திறந்தேன். அவள் வேட்டியோடு அம்மாவின் வயிற்றில் வாயை வைத்துக் குனிந்திருந்தாள்.

"அஞ்சு... ஆறுப்பா!" என்றாள் மகள். கண்ணில் தண்ணீர் நின்றது.

"நான்தான் தாத்தா, பேய் மாதிரி கத்தி எழுப்பிவிட்டேன்" என்றாள் பேத்தி.

ஆட்டோ வந்தது. அந்த முச்சந்தியைத் தாண்டும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் கருவி வைத்துக் கேட்டார்கள். நிமிடத்துக்கு நூற்று நாற்பத்திரண்டு துடிப்பு. குறை ஒன்றும் இல்லை. பையன் இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான்.

நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அன்றைய பக்கத்தில் உதைகள் பத்தையும் எழுதியிருக்கிறேன். நேரம் எழுதும் இடம் மட்டும் காலி. இரண்டாவது உதை எப்போது வந்தது, நான் காயை உடைத்தபோதா, பேத்தி கத்தியபோதா என்று மகளைக் கேட்டால் சொல்லிவிடுவாள். பேனாவை எடுத்துக்கொண்டு இரண்டு தடவை அவள் எதிரே போய் உட்கார்ந்தேன். இரண்டு தடவையும் காபி கேட்டுக் குடித்துவிட்டு எழுந்துவிட்டேன்.