வேர்த்த கண்ணாடியும் விதைநெல்லும்

சென்ற மாரியில் நானும் என் கணவரும் எங்கள் பழைய வான் வண்டிக்குள் குடியிருந்தோம். ஒட்டுசுட்டானுக்கு உள்ளே, காட்டோரம் எங்கள் காணி. சிறுபோக நெல்லைத் தேடி வந்த யானை வீட்டுச் சுவரை இடித்துவிட்டுப் போயிருந்தது. சுவரைக் கட்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. சந்தைக்கு மரக்கறி ஏற்றிய வான் அது. பின் இருக்கைகள் இல்லை. ஒரு பக்கம் பாய், மறுபக்கம் மூன்று மூட்டை விதைநெல். அயலில் யாரும் அந்த மூட்டைகளைத் தங்கள் வீட்டில் வைக்க விடவில்லை. நெல் இருக்கும் வீட்டைத்தானே யானை தேடும். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

வயலில் தண்ணீர் வடிந்தால்தான் விதைக்கலாம். அதுவரை நெல் நனையக்கூடாது. அந்தப் போகத்துக்கு எங்களிடம் இருந்தது அவ்வளவுதான்.

இவர் கண்ணாடிகளை இறுக்கச் சாத்தினார். இடைவெளிகளில் பொலித்தீனைச் செருகி ஒட்டுநாடாவால் ஒட்டினார். நெல் மணம் துளியும் வெளியே போகக்கூடாதாம். உள்ளே இரண்டு பேரின் மூச்சு, கயிற்றில் ஈர உடுப்பு, கொதிக்கும் தேத்தண்ணி. விடிந்து பார்த்தால் கண்ணாடி முழுக்க வேர்த்து வழிந்து, கீழ் விளிம்பில் தண்ணீர் தேங்கி நிற்கும். பழைய சாரத்துண்டால் துடைத்துப் பிழிவேன். கேத்தல் கொதிக்கும்போதே திரும்பவும் வேர்க்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். விரலளவாவது திறந்துவிடச் சொல்லி எத்தனையோ தரம் கேட்டேன்.

"திறந்தால் ஆனைக்கு வெத்திலை வைச்சுக் கூப்பிட்ட மாதிரி," என்றார்.

யானை விசயத்தில் இவரோடு கதைக்க ஏலாது. ஊரே இவரிடம்தான் யோசனை கேட்கும். பிறகு கைபேசியில் எதையோ பார்த்துவிட்டு, ஒரு பேசின் நிறையக் கல்லுப்பைக் கொண்டுவந்து மூட்டைகளுக்கு மேலே வைத்தார். உப்பு ஈரத்தை இழுக்குமாம். உண்மையாகவே கொஞ்சம் இழுத்தது. இவருக்குத் தலைகால் புரியவில்லை. அயலுக்கெல்லாம் சொல்லித் திரிந்தார். கேட்டவர்களும் தலையாட்டினார்கள். யானை நெல்லைத் தேடுவதுபோலவே உப்பையும் தேடி வரும் என்பது இங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். இவருக்கும் தெரியும். கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து மறந்துவிட்டார்.

ஒருநாள் பின்னேரம், வயலில் வாய்க்கால் வெட்டிவிட்டுத் திரும்பினோம். வானின் பக்கக் கண்ணாடி நொறுங்கிக் கிடந்தது. பேசின் சேற்றில் கவிழ்ந்திருந்தது. உப்பில் ஒரு கல்லும் மிச்சமில்லை. ஒரு மூட்டை வெளியே இழுபட்டுக் கிழிந்திருந்தது. சுற்றிலும் சட்டி அகலத்துக்குக் கால் தடங்கள்.

இவர் ஓடிப்போய் நெல்லை அள்ளினார். கையில் வந்தது வெள்ளை முளை. ஒன்றோடொன்று பின்னி, பூஞ்சணம் பிடித்து, புளித்து மணத்தது. அந்த மணத்தை அதுவரை ஈர உடுப்பின் மணமென்று நினைத்து இருந்துவிட்டோம். கண்ணாடியோரம் இருந்த மூட்டை அது. விளிம்பில் தேங்கிய தண்ணீர் அடியால் ஊறியிருக்கிறது. மற்ற இரண்டையும் அவிழ்த்தோம். ஒன்று அதே கதிதான். கடைசி மூட்டையில் மேல்பாதி தப்பியிருந்தது.

இவர் சேற்றிலேயே குந்திவிட்டார்.

"ஆனை ஒரு வாய்கூடத் தின்னேல்லை," என்றார்.

"திண்டிருந்தால் அதுக்காவது வயிறு நிறைஞ்சிருக்கும்," என்றேன்.

உடைந்த கண்ணாடிக்கு இவர் ஒரு சாக்கைக் கட்டிவிட்டார். காற்று தாராளமாக வந்து போனது. அடுத்த நாள் விடிய, துண்டை எடுத்துக்கொண்டு எழும்பினேன். மற்றக் கண்ணாடிகளெல்லாம் காய்ந்து, வயல் வரைக்கும் தெளிவாகத் தெரிந்தது. காப்பாற்ற உள்ளே அரை மூட்டை நெல்தான் இருந்தது.