கவிழ்க்காத டம்ளர்

சூடேறிய மணலின் வாசனையும் மாம்பழம் வேகும் வாசனையும் ஒன்றாக மூக்கில் ஏறினால், இந்த வயதிலும் எனக்கு எச்சில் ஊறுவதில்லை, கவிழ்ந்த பாத்திரம் எதுவும் இருக்கிறதா என்று கண்தான் தேடுகிறது.

பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் வீடு. நைனாவும் சித்தப்பாவும் ஒரே படகில் இறாலுக்குப் போவார்கள். சித்தப்பாவுக்குப் புதிதாக வாய்த்த சித்தி, செவ்வாப்பேட்டைப் பக்கம் நெல் விளையும் ஊர்க்காரி. அவருடைய அப்பா ஆவடியில் ஒரு பேக்கரியில் அடுப்பு பார்த்தவர். அந்தப் பழக்கத்தில் சித்தி ஒரு கோடையில் எங்களுக்குக் "கப்பு கேக்கு" சுட்டார். அகன்ற தேக்சாப் பாத்திரத்தில் மணலைக் கொட்டிக் காயவிட்டு, மைதாவும் முட்டையும் சர்க்கரையும் சேர்த்து அடித்த மாவில் பங்கனப்பள்ளி மாம்பழத்தைத் துண்டு போட்டு, டால்டா தடவிய அலுமினிய டம்ளர்களில் பாதி பாதி ஊற்றி மணலில் நிற்கவைத்து, மூடியின் மேலும் சவுக்குக்கரி நெருப்பைப் பரப்பினார். திறந்தபோது ஒவ்வொன்றும் விளிம்புக்கு மேலே பொன்னிறமாகப் பூரித்து நின்றது. எங்கள் தெருவில் அதற்கு முன் யாரும் அப்படியொன்றைக் கண்டதில்லை. அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றும் பெருமைதான்.

ஆறியதும் சித்தி ஒரு டம்ளரைத் தட்டில் கவிழ்த்து, அதன் அடியில் தட்டினார். கேக் விழுந்தது. அம்மா அலறினாள்.

"அடிப்பாவி, இன்னா காரியம் பண்ட்ட! ஆம்பளைங்க தண்ணி மேல கீறாங்கோ, நீ ஏனத்த கவுக்குற?"

"எனக்கு இன்னாக்கா தெரியும்? எங்க ஊட்ல கழுவிக் கவுத்துதான் வெப்பாங்கோ."

எங்கள் ஆட்கள் படகு கரையேறும்வரை எந்தப் பாத்திரத்தையும் கவிழ்க்க மாட்டார்கள். பாத்திரம் கவிழ்ந்தால் படகு கவிழும் என்று பயம். கழுவிய சொம்பைக்கூடச் சுவரில் சாய்த்துத்தான் வைப்போம்.

அம்மா அந்தக் கேக்கை எடுத்து, அதே டம்ளருக்குள் திரும்ப அமுக்கி நிமிர்த்தி வைத்தாள். அப்படிச் செய்தால் கவிழ்த்தது இல்லையென்று ஆகிவிடும் என்று நினைத்தாளோ என்னவோ. மற்ற டம்ளர்களை யாரும் தொடவில்லை.

மதியம் திரும்பவேண்டிய படகு திரும்பவில்லை. பொழுது சாயும் முன்பே காற்று எழும்பி, ஏரி கறுத்து, மணல் முகத்தில் ஊசியாகக் குத்தியது. மற்ற படகுகள் ஒவ்வொன்றாகக் கரை சேர்ந்தன. "உங்காளுங்க முகத்துவாரம் பக்கம் போய்க்கினு இருந்தாங்கோ" என்று மட்டும் ஒருவர் சொன்னார். அம்மா சித்தியைத் திட்டக்கூட இல்லை. அதுதான் எனக்கு அதிகப் பயம். சித்தி அந்த டம்ளரை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, கொஞ்சமும் சாயாமல், முழங்கால் தண்ணீரில் நின்றார். எனக்கு ஏரியைப் பார்க்கத் தைரியமில்லை. அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது சாய்ந்தால் நைனா இல்லை என்றே நம்பினேன்.

இருட்டும் நேரத்தில் கோரைப்புல் ஓரமாகக் கழி ஊன்றிக்கொண்டு படகு வந்தது. பாய் கிழிந்திருந்தது. முதலில் குதித்தவர் சித்தப்பா.

"இன்னாடி, எனக்கு டீ எட்தாந்தியா?"

சித்தி அவர் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்துவிட்டு அழுதார். சித்தப்பா டம்ளருக்குள் விரலை விட்டு ஒரு விள்ளல் தின்றார்.

"மண்ணு ஜாஸ்தி. ஆனா நல்லாத்தான் கீது."

நைனாவின் கால் கரையில் பட்ட பிறகே அம்மா வீட்டுக்குப் போய் மற்ற டம்ளர்களைக் கவிழ்த்தாள்.

அவர்கள் யாரும் இன்று இல்லை. அந்தப் படகும் இல்லை, மணல் அடுப்பும் இல்லை. நான் கும்மிடிப்பூண்டியில் மகன் வீட்டில் இருக்கிறேன். அவன் இரும்பு உருக்கும் கம்பெனியில் வேலை பார்க்கிறான். மருமகள் குழிகுழியான தட்டில் காகிதக் கப்பு வைத்துக் கரண்டு அடுப்பில் மாம்பழ "மஃபின்" சுடுகிறாள். கவிழ்க்கவேண்டிய வேலையே கிடையாது. ஆனால் அந்தத் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைப்பாள். நான் எழுந்துபோய் நிமிர்த்தி வைப்பேன்.

"இங்க ஏது அத்தை ஏரி?" என்று சிரிப்பாள்.

போன வாரம் கம்பெனி இருக்கும் பக்கம் புகை கன்னங்கரேலென்று எழும்பியது. மகன் போனை எடுக்கவில்லை. நான் எழுந்திருக்கக் கையை ஊன்றுவதற்குள், மருமகள் போய்த் தட்டை நிமிர்த்தி வைத்தாள். அவன் வண்டிச் சத்தம் வாசலில் கேட்கும்வரை இருவரும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம்.