ராணித் தேனீக்காக வழக்காடிய எங்கள் அக்கா

இந்த நினைவு மலர் அச்சுக்குப் போகுமுன் உறவினர் ஒருவர் வந்து, "புள்ளயில்லாத கொற ஒண்ணுதான் உங்க அக்காளுக்கு. அதையும் பதமா ஒரு வரி எழுதிப்போடு கண்ணு" என்றார். நான் எழுதப்போவதில்லை. அக்கா அதைக் குறையென்று ஒருநாளும் சொன்னதில்லை. முதலாண்டு நினைவுக்கு வந்திருக்கும் நீங்கள் எல்லோரும் அவர் கொடுத்த தேனைச் சாப்பிட்டவர்கள். ஆகையால் நான் எழுதுவதைக் கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள்.

அக்கா பிறந்தது எங்கள் மலையின் குண்டூர் நாட்டில். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் என்னை வளர்த்ததும் அவர்தான். திருப்புலி நாட்டில் அவரைக் கட்டிக் கொடுத்தார்கள். சில ஆண்டுகள் கழித்து என்னையும் அதே ஊரில் கொடுத்தார்கள். அக்காவுக்குச் சீராக அப்பா தந்தவற்றில் ஒரு தேனீப் பெட்டியும் இருந்தது. அது வெள்ளைக்காரர் ஆட்சிக் காலம். மரப்பொந்தில் தேன் எடுத்தே பழகிய எங்கள் ஊருக்குப் பெட்டி புதிது. அடிவாரத்துப் புளியஞ்சோலையிலிருந்து தலைச்சுமையாக அதை மலையேற்றிக் கொண்டுவந்தார் அப்பா.

ஓர் ஐப்பசி அடைமழையில் பெட்டியிலிருந்த ஈக்கூட்டம் சோர்ந்துவிட்டது. அக்காவின் மாமனார் அடை கட்டியிருந்த மரச்சட்டங்களைத் தூக்கிப் பார்த்தார். அடையில் முட்டையும் இல்லை, புழுவும் இல்லை. பங்காளிகள் முன்னிலையில் சொன்னார்:

"இது மலட்டு ராணி. நசுக்கிப்போட்டு வேற கூட்டத்த வெக்கோணும். கார்த்திகைக்குள்ள பெட்டி தேறலைன்னா, கொண்டாந்தவளையும் குண்டூருக்கே அனுப்பிப்போட்டு எம் பையனுக்கு வேற பொண்ணு பாக்கறேன்."

அக்கா அழவில்லை. மறுநாள் வெயில் எட்டிப் பார்த்ததும் பெட்டியைத் திறந்தார். நான் பக்கத்தில் நின்று புகை காட்டினேன். எடுத்த எடுப்பில் அவர் ராணியைத் தேடவில்லை. அடையின் அடிவிளிம்பைத்தான் முதலில் பார்த்தார். ராணி சரியில்லை என்றால் ஈக்களே அங்கே பெரிய அறை கட்டிப் புது ராணியை வளர்க்கத் தொடங்கிவிடும். அப்படி ஓர் அறையும் இல்லை. பிறகு ராணியைக் கண்டுபிடித்தார். இறகு கிழியவில்லை, நடை தளரவில்லை, சுற்றியிருந்த ஈக்கள் அதன் பக்கம் முகம் வைத்தே நின்றன. கடைசியாகத் தேன் இருக்கும் அறைகளைப் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. மழைக்கு முன்பே மாமனார் மொத்தத் தேனையும் பிழிந்து குடத்தில் அடைத்து வைத்திருந்தார்.

அக்கா நேரே அவர் முன்னால் போய் நின்றார்.

"ஏனுங்க மாமா, பெட்டிக்குள்ள திங்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க. பொறக்கற புழுவுக்குச் சோறில்லைன்னுதான் ராணி முட்டைய நிறுத்தியிருக்குது. அந்த ஈக்களே ராணிய மாத்த நெனைக்கல. நசுக்கறதுக்கு நீங்க யாருங்க?"

மருமகள் மாமனாரைப் பார்த்து இப்படிக் கேட்டதை எங்கள் ஊர் அதுவரை கண்டதில்லை. அக்காவின் கணவர், எங்கள் மச்சான், உள்ளே போனார். தேன் குடத்தைத் தூக்கிவந்து அக்காவின் கையில் கொடுத்தார். அந்த ஒரு காரியத்துக்காக அவரை என்றைக்கும் கும்பிடுவேன்.

அக்கா தினமும் அந்தத் தேனில் தண்ணீர் கலந்து சிரட்டையில் ஊற்றினார். ஈக்கள் மூழ்காமலிருக்க வைக்கோல் துண்டுகளை மிதக்கவிட்டுப் பெட்டிக்குள் வைத்தார். கார்த்திகை முடியுமுன் மாமனாரையும் பங்காளிகளையும் கூப்பிட்டார். வெயிலுக்கு முதுகைக் காட்டி நிற்கச் சொல்லி, வெளிச்சம் அறைகளுக்குள் விழும்படி சட்டத்தைப் பிடித்தார். அறைக்கு ஒரு முட்டை, நொய்யைவிடச் சிறிதாக, அடியில் நின்றது. நடுவில், புழு வளர்ந்து மூடிய அறைகள் இடைவெளி இல்லாமல் நிறைந்திருந்தன. மாமனார் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இருக்குது" என்றார்.

மாமியார்தான் விடவில்லை. "சோறு போட்டதும் ராணி பெருக்கிருச்சு. உனக்கும் சோறு போட்டுட்டுத்தான இருக்கறோம் கண்ணு?"

 அக்கா சட்டத்தை மெதுவாகப் பெட்டிக்குள் இறக்கி மூடிய பிறகுதான் திரும்பினார்.

"அது முட்டையிடற பூச்சிங்க அத்தை. நா முட்டையிட வரலீங்க. வாழ வந்திருக்கறேன்."

வேறு பெண் பார்க்கும் பேச்சு அன்றோடு நின்றது. அதே மாமியார் படுக்கையில் விழுந்தபோது தூக்கி உட்காரவைத்து ஊட்டியதும் அக்காதான். ஊட்டும்போது, "சோறு போட்டுட்டுத்தானுங்க இருக்கறேன் அத்தை" என்று குத்திக்காட்டவும் தவறமாட்டார். இருவரும் சிரிப்பார்கள்.

மச்சான் போன பிறகும் அக்கா பெட்டிகளைக் கைவிடவில்லை. கண்பார்வை மங்கிய கடைசி மாதங்களில் என்னைப் பார்க்கச் சொல்லி, "முட்டை நிக்குதா, சாஞ்சிருக்குதா?" என்று கேட்பார். நிற்கிறது என்றால் அன்று இட்டது என்று மகிழ்வார்.

நோயில் அவரைத் தூளி கட்டிப் புளியஞ்சோலைவரை இறக்கிய ஊர்ப் பிள்ளைகளுக்கும், முறை வைத்துக் கஞ்சி கொண்டுவந்த பெண்களுக்கும், இன்று இங்கே கூடியிருக்கும் உங்களுக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன். அந்த ஒரு வரியை எதிர்பார்த்தவர்களுக்கு வருத்தம் இருக்கலாம், எனக்கு இல்லை. எங்கள் அக்கா வாழ வந்தார். வாழ்ந்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.